காட்சியும் உழைப்பும்: இத்தாலியக் காட்சி இசை பற்றி நோட்டன் பிரிட்ஜிலிருந்து சில குறிப்புகள்

1

மேலைத்தேய இசை வரலாற்று நூல்களிலும் இசையரங்கக் குறிப்புகளிலும் ஒரு கூற்று அடிக்கடி இடம்பெறுவதைக் காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இசையமைப்பாளர் ஒருவர் இத்தாலிக்குப் பயணமானார். அங்கு கண்ட காட்சிகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அவற்றின் உந்துதலால் இன்ன படைப்பு பிறந்தது என்பதே அக்கூற்று. அது விளக்கம் வேண்டாத உண்மை போலவே எழுதப்படுகின்றது. அவ்வாறே வாசிக்கவும் படுகின்றது. ஆயின் 'காட்சி' என்பது யாது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை.

காட்சி இயற்கையில் தானே கிடப்பதன்று. ஒரு நிலப்பரப்பு காட்சியாக மாறுவதற்குச் சில சமூக நிபந்தனைகள் வேண்டும். அதனைப் பார்ப்பவர் அந்நிலத்தில் உழைப்பவராக இருத்தலாகாது. விரும்பியபொழுது வந்து விரும்பியபொழுது நீங்கும் வசதி அவருக்கு வேண்டும். அங்கு உழைப்போர் அவரது பார்வையில் மரத்தோடும் பாறையோடும் சேர்ந்த நிறப்புள்ளிகளாகிவிடல் வேண்டும். ஆங்கில இலக்கியத்தில் நாட்டுப்புறம் சித்திரிக்கப்பட்டவாற்றை ஆராய்ந்த றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட 'நாடும் நகரமும்' என்னும் நூலில் இவ்வுண்மையை விரிவாக நிறுவினார். இசைக்கும் இது பொருந்துமா? பொருந்துமாயின் எவ்வளவுக்குப் பொருந்தும்?

இவ்வினாவை நோட்டன் பிரிட்ஜ் போன்றதோர் இடத்திலிருந்து எழுப்புவதற்குக் காரணமுண்டு. அற்றனிலிருந்து மஸ்கெலியாவுக்கும் சிவனொளிபாத மலைக்கும் செல்லும் வழிகளுள் ஒன்றில், கெகல்கமு ஓயா மறிக்கப்பட்ட பள்ளத்தாக்கில் அமைந்தது இச்சிறு நகர். மூடுபனி, தேயிலைச் சரிவு, நீர்த்தேக்கம், அருகே லக்சபான நீர்வீழ்ச்சி என ஒரு காட்சிக்கு வேண்டிய யாவும் இங்குள. காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய துரைமார் பங்களாக்கள் சில இன்று செல்வந்த உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளாகியுள்ளன. ஆகவே, 'இத்தாலியக் காட்சி' எவ்வாறு இசையாயிற்று என்பதை ஆராய்தல் தொலைதூர விடயம் ஒன்றில் நாம் காட்டும் ஆர்வம் மட்டுமன்று. காட்சியாக்கப்பட்ட நிலமொன்றில் வாழும் மக்களின் கலையை எவ்வாறு அணுகுவது என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

2

முதலில் இசைவடிவத்தைப் பார்ப்போம். பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்றும் சேர்ந்து இசைப்பதற்கென எழுதப்படும் படைப்பே பியானோ மூவிசை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஐடனின் காலத்தில், இவ்வடிவம் பெரும்பாலும் பியானோவுக்கான படைப்பாகவே இருந்தது. வயலின் துணைநின்றது; செல்லோ பியானோவின் கீழ்ச்சுரங்களைப் பின்தொடர்ந்தது. பேத்தோவனின் கைகளில் மூன்று கருவிகளும் சமநிலையில் உரையாடத் தொடங்கின.

இவ்வடிவத்தின் இல்லம் அரண்மனையன்று. நகரத்து நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறையே. பியானோ வாங்கக்கூடிய வருவாய், வீட்டுப் பெண்கள் அதனைக் கற்பதற்கான ஓய்வு, அச்சிட்ட இசைத்தாள்களை விற்கும் சந்தை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்திலேயே அது செழித்தது. அறையிசை அடிப்படையில் கேட்போரைவிட இசைப்போருக்கே உரியது என்றும், பூர்ஷ்வா வாழ்வின் தனிப்பட்ட வெளியோடு பிணைந்தது என்றும் அடோர்னோ இசைச் சமூகவியல் பற்றிய தமது 1962ஆம் ஆண்டு நூலில் கூறுவது இங்கு மனங்கொள்ளத்தக்கது. சந்தையில் போட்டியிடும் மனிதன் வீட்டினுள் போட்டியற்ற உரையாடலைத் தேடினான். அத்தேடலின் இசைவடிவம் அறையிசை எனலாம்.

இதற்கு எதிர்முனையில் நின்றவை பேரிசைக் குழுவுக்கான படைப்புகளும் தனிவித்தகரின் பியானோப் படைப்புகளும் ஆகும். இவை நுழைவுச்சீட்டு வாங்கிய பெருந்திரளை நோக்கியவை. காட்சி விற்பனையானது இங்கேதான்.

3

இத்தாலி அக்காலத்து வடஐரோப்பியச் செல்வந்தரின் பயண இலக்காக நீண்டகாலம் இருந்துவந்தது. வங்கியாளர் குடும்பத்தில் பிறந்த பீலிக்ஸ் மென்டல்சோன் 1830 - 1831இல் அங்கு சென்றார். அப்பயணத்தின் விளைவான 'இத்தாலிய' சிம்பனி 1833இல் இலண்டனில் அரங்கேறியது. அங்குள்ள இசைச் சங்கமொன்றே அவரிடம் சிம்பனி எழுதுமாறு வேண்டியிருந்தது. அதன் இறுதிப் பகுதி சால்தரெல்லோ, தரந்தெல்லா என்னும் இரு நாட்டார் ஆட்டங்களின் வேகத்தில் அமைந்தது. பிரெஞ்சு அரசோ இளம் இசையமைப்பாளர்களைப் பரிசளித்து உரோமிலுள்ள வில்லா மெடிச்சி மாளிகைக்கு அனுப்பியது. அங்கு சென்ற பெர்லியோஸ் 1834இல் 'இத்தாலியில் ஹரோல்ட்' என்னும் படைப்பை உருவாக்கினார். இவ்வாறு இத்தாலியக் காட்சி வங்கி மூலதனத்தாலும் அரச நிறுவனத்தாலும் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு கலைச் சரக்காயிற்று.

இச்சரக்கின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டுவது லிஸ்டின் 'வெனிசும் நேப்பிள்சும்' என்னும் பியானோத் தொகுதி. படகோட்டியின் பாடல், ஒரு கீதம், தரந்தெல்லா ஆட்டம் என மூன்று பகுதிகள் கொண்டது அது. கேட்பவர் இவை மக்களின் வாயிலிருந்து எடுக்கப்பட்டவை என்றே எண்ணுவார். உண்மை வேறு. படகோட்டியின் பாடல் பெருக்கினி என்னும் கனவான் இசையமைத்தது. இரண்டாவது, ரொசினியின் 'ஒதெல்லோ' இசைநாடகத்தில் வரும் படகோட்டியின் பாடல். அதன் சொற்கள் தாந்தேயின் காவியத்திலிருந்து எடுக்கப்பட்டவை. தரந்தெல்லாவுக்கு அடிப்படையான மெட்டுகளோ நேப்பிள்சில் வாழ்ந்த பிரெஞ்சு வழியினரான கொத்ரோவுக்கு உரியவை. மக்களின் குரல்களாகக் காட்டப்படும் மூன்றுக்கும் பின்னால் படித்த வர்க்கத்தின் மூன்று கைகள் உள.

இதனை லிஸ்டின் நேர்மைக்குறைவாகக் கொள்வது தவறு. அவர் தமது மூலங்களை மறைத்தாரல்லர். இங்கு நாம் அறியவேண்டுவது யாதெனில், காட்சிக்கு உண்மையான படகோட்டி தேவைப்படவில்லை என்பதே. படகோட்டி பாடுகிறான் என்னும் கருத்து மட்டுமே போதுமானதாயிற்று. துடுப்பு வலிப்பவனின் மூச்சும் கூலியும் அவ்விசைக்குள் புகவில்லை.

4

இனி மூவிசைக்கு வருவோம். இத்தாலியோடு தொடர்புடைய மூன்று மனோரதிய மூவிசைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பீலிக்சின் தமக்கை பன்னி மென்டல்சோன் ஹென்செல் எழுதியது. தம்பிக்கு நிகரான பயிற்சி பெற்றவர் அவர். எனினும் இசை பெண்ணுக்கு அணிகலனாகவே அமையலாம், தொழிலாகலாகாது எனத் தந்தை அவரது இளம் பருவத்திலேயே எழுதி அறிவுறுத்தினார். பீலிக்ஸ் இருபத்தொரு வயதில் கண்ட இத்தாலியைப் பன்னி 1839இல்தான், திருமணமாகித் தாயான பின்னரே, காண முடிந்தது. உரோமில் வாழ்ந்த மாதங்களில் இளம் இசைஞர்கள் அவரைச் சூழ்ந்து அவரது வாசிப்பைக் கேட்டனர்; ஓர் இசைக்கலைஞராக மதித்தனர். பேர்லின் திரும்பியபின் 1841இல் எழுதிய 'ஆண்டு' என்னும் பியானோத் தொகுதியில் உரோமின் திருவிழா நினைவு காட்சியாகவே இடம்பெறுகின்றது. ஆயின் 1847 ஏப்பிரலில் தமது வீட்டு ஞாயிறு இசையரங்கில் அரங்கேற்றிய டி மைனர் மூவிசையில் இத்தாலிய ஆட்டமோ படகுப் பாட்டோ இல்லை. அதன் மூன்றாம் பகுதிக்கு 'பாட்டு' என்று மட்டுமே பெயர். அடுத்த மாதம் 14ஆம் நாள் அவர் இறந்தார். மூவிசை 1850இல் அச்சேறியது. 'ஆண்டு' முழுமையாக அச்சேற இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இத்தாலி அவருக்குக் காட்சி தந்தது மட்டுமன்று. தாமும் இசையமைப்பாளரே என்னும் துணிவை உறுதிப்படுத்தியது. மூவிசையின் புயல்போன்ற தொடக்கத்தில் நாம் கேட்பது அத்துணிவைத்தான்.

இரண்டாவது, டெபுசி 1880இல் எழுதிய ஜி மேஜர் மூவிசை. அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. நதேஷ்டா வொன் மெக் என்னும் உருசியச் சீமாட்டியின் குடும்பத்துக்கு வாத்தியக்காரராக அமர்த்தப்பட்டு அவர்களோடு பயணித்தார். வயலின் வாசிப்பவர் ஒருவரும் செல்லோ வாசிப்பவர் ஒருவரும் அவ்வீட்டில் இருந்தனர். மூவரும் சீமாட்டிக்காக இசைத்தனர். புளோரன்சுக்கு அருகே பியசோலேயில் அம்மூவிசை எழுந்தது. டஸ்கனி மலைச்சரிவின் நடுவே எழுதப்பட்ட இப்படைப்பில் டஸ்கனியைத் தேடுவோர் ஏமாறுவர். அங்கு ஒலிப்பது பாரிஸ் வரவேற்பறையின் மென்மையே. கூலிக்கு வாசிக்கும் இளைஞன் எசமானியின் சுவைக்கேற்ப எழுதிய இசை அது. 1986 வரை அது நூலாக வெளிவரவில்லை.

மூன்றாவது, சைக்கோவ்ஸ்கியின் ஏ மைனர் மூவிசை. 1881 - 1882 மாரிகாலத்தில் உரோமில் எழுதப்பட்டது. இவருக்கும் ஆண்டொன்றுக்கு 6,000 ரூபிள் கொடுத்து ஆதரித்தவர் அதே வொன் மெக் சீமாட்டியே. அச்செல்வம் எங்கிருந்து வந்தது? அவருடைய கணவர் கார்ல் வொன் மெக், 1861இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டதை அடுத்த காலத்து உருசியாவில் இருப்புப்பாதை அமைத்துப் பெரும்பொருள் ஈட்டியவர். நிலத்திலிருந்து விடுவிக்கப்பட்டும் வாழ்வதற்கு நிலமற்றிருந்த உழவர்களின் உழைப்பு, இருப்புப்பாதை மூலதனமாகி, இத்தாலியில் இசைஞனின் ஓய்வுக்காலமாயிற்று.

இதே சைக்கோவ்ஸ்கி 1880இல் 'இத்தாலிய விநோதம்' என்னும் பேரிசைப் படைப்பை எழுதினார். தங்கியிருந்த விடுதிக்கு அருகிலிருந்த படைமுகாமின் எக்காள ஒலியில் அது தொடங்குகின்றது, தெருப்பாடல்களைக் கோத்துச் செல்கின்றது, தரந்தெல்லாவில் முடிகின்றது. அது முழுமையான காட்சி. மூவிசையோ 1881இல் மறைந்த நிக்கொலாய் றூபின்ஸ்டைனின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு மெட்டை எடுத்துப் பல திரிபுகளாக விரித்து, இறுதியில் சாவு ஊர்வலத்தின் நடையில் அடங்குகின்றது. அதே உரோமில் இரண்டாண்டு இடைவெளியில் எழுந்த இரு படைப்புகளுள் ஒன்று நகரைக் காட்டுகின்றது. மற்றையது நகரை முற்றாக மறந்து இறந்த நண்பனோடு பேசுகின்றது.

இம்மூன்றிலிருந்தும் ஒரு முடிவுக்கு வரலாம். காட்சி பொதுச்சந்தைக்கானது, மூவிசை இத்தாலியைக் காட்சியாக்காமல் வாழ்விடமாகவே கொண்டது. அதனால் அது சமூகத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடவில்லை. வீட்டின் பெண் ஒடுக்குமுறையும் வாத்தியக்காரரின் கூலிநிலையும் இருப்புப்பாதை மூலதனமும் அதனுள் இருக்கவே செய்கின்றன. ஆயின் அவை ஓவியமாக அன்றி, வடிவத்தின் இறுக்கமாகவே வெளிப்படுகின்றன. இப்படைப்புகளை வர்க்கத் தோற்றம் ஒன்றைக் காட்டியே ஒதுக்கிவிடுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். கிரேக்கக் கலை தன் காலத்துச் சமூக வடிவங்களோடு பிணைந்தது என்பதை உணர்தல் கடினமன்று, அது இன்றும் நமக்கு இன்பம் தருவதை விளக்குதலே கடினம் என மார்க்ஸ் 1857இல் எழுதிய கருத்து இங்கும் நமக்கு வழிகாட்டுகின்றது.

5

லிஸ்டும் மென்டல்சோனும் சைக்கோவ்ஸ்கியும் விரும்பி எடுத்த தரந்தெல்லாவின் மறுபக்கத்தையும் காணவேண்டும். தென்னித்தாலியில், சிறப்பாக சலெந்தோப் பகுதியில், சிலந்தி கடித்ததாகக் கருதப்பட்டவர்கள் இசைக்கு ஆடி நோய் நீங்கும் சடங்கொன்று நெடுங்காலம் நிலவியது. ஆடியவர்களுள் மிகப்பெரும்பாலோர் ஏழை உழவர் குடும்பப் பெண்கள். அறுவடைக் காலமே அதன் காலம்.

எர்னெஸ்தோ தெ மார்த்தினோ 1959இல் உளநோய் மருத்துவர், இசையியலாளர் முதலியோரைக் கொண்ட குழுவுடன் அங்கு களஆய்வு செய்து 1961இல் நூலாக்கினார். இந்நோயைச் சிலந்தியின் நஞ்சாக மட்டும் விளக்கிவிட முடியாது, அடக்கப்பட்ட வாழ்வின் நெருக்கடி ஆண்டுதோறும் மீண்டுவரும் பண்பாட்டு வடிவமே அது என அவர் காட்டினார். அச்சடங்கின் இசைக்குழுவிலும் வயலின் உண்டு. லூயிஜி ஸ்டிபானி என்னும் நாவிதத் தொழிலாளி அதனை வாசித்தார். கஞ்சிராவை ஒத்த தோற்கருவியும் கைத்துருத்தி வாத்தியமும் சேர்ந்தன. வரவேற்பறையின் மூவிசைக்கு அருகில் வைத்து எண்ணவேண்டிய வேறொரு மூவிசை இது. இங்கு எவரும் காட்சி காணவில்லை. ஒருத்தி எழுந்து நடப்பதற்காக இசைத்தனர்.

தெ மார்த்தினோவுக்குப் பின்புலமாக நின்றது கிராம்சியின் சிந்தனை. நாட்டார் வழக்காற்றை விநோதப் பொருளாகத் திரட்டாமல், அடக்கப்பட்ட வகுப்பினரின் உலகநோக்காக ஆராயவேண்டும் எனச் சிறைக்குறிப்புகளில் அவர் வலியுறுத்தினார். அதேவேளை அவ்வுலகநோக்கு முரண்பாடு மிக்கது, பழைமையின் எச்சங்களைச் சுமப்பது என்பதையும் மறைத்தாரல்லர். போற்றுதலும் ஒதுக்குதலும் அல்லாத மூன்றாவது வழி அது.

6

இத்தாலியில் பயின்ற காட்சிக் கண் இலங்கைமீதும் திரும்பியது. வில்லா மெடிச்சியில் 1858 முதல் 1860 வரை வாழ்ந்த பிசே, 1863இல் பாரிசில் அரங்கேற்றிய 'முத்துக் குளிப்போர்' இசைநாடகத்தின் களம் இலங்கைக் கடற்கரை. முதலில் மெக்சிக்கோவில் நிகழ்வதாகத் திட்டமிடப்பட்ட கதை பின்னர் இலங்கைக்கு மாற்றப்பட்டது. மாற்றுவதில் பெருந்தடை எதுவும் இருக்கவில்லை. கீழைத்தேயக் கடற்கரை ஒன்று வேண்டும், அவ்வளவே. அதே ஆண்டுகளில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற மன்னார்க் கரையில் தமிழகத்துக் கூலித்தொழிலாளர் வந்திறங்கினர். காடுகளூடாக மாத்தளையை நோக்கி நடந்து கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியில் பசியாலும் வாந்திபேதியாலும் பெருந்தொகையாக மாண்டனர். இசையில் காட்சியாக்கப்பட்ட அக்கரையின் வரலாறு இது. 2023இல், மலையக மக்கள் வருகையின் இருநூறாவது ஆண்டை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மேற்கொள்ளப்பட்ட நடைபயணம் அவ்வழியை மீண்டும் நினைவுக்குக் கொணர்ந்தது.

கோப்பி 1869க்குப் பின் இலைநோயால் அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. 1884இல் இருப்புப்பாதை அற்றனை எட்டியது. தோட்டங்களுக்குத் துரைமார் தம் ஊர்ப்பெயர்களை இட்டனர். ஏறிவந்த பியானோக்கள் பங்களாக்களிலும் கிளப்புகளிலும் இடம்பிடித்தன. பங்களா எப்பொழுதும் மேட்டில் இருந்தது. காட்சியும் கண்காணிப்பும் அங்கு ஒரே சன்னலினூடாக நிகழ்ந்தன.

அம்மேட்டுக்குக் கீழே 'மலை' என்னும் சொல் எவ்வாறு வழங்குகின்றது என்பதை நோக்குவோம். மலையகத் தொழிலாளர் வழக்கில் மலை என்பது வேலைத்தளம். தேயிலைநிலத்தின் ஒவ்வொரு பிரிவும் ஒரு மலை, அதற்கு இலக்கமுண்டு. மலைக்குப் போதல் என்றால் வேலைக்குப் போதல். கொழுந்து மலை, கவ்வாத்து மலை எனச் செய்யும் வேலையால் அது பெயர்பெறும். பயணியின் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தோன்றும் சரிவு, கூடை சுமப்பவளுக்குப் பல மலைகள். எதில் கொழுந்து செழிக்கும், எதில் அட்டை மிகும், எதில் கால் வழுக்கும் என்னும் அறிவு அவளிடம் உண்டு. நிலத்தைக் காணாமையால் அன்று, நிலத்தை மிக நெருங்கி அறிந்தமையாலேயே அவளுக்கு அது காட்சியாகவில்லை.

தமிழ்க் கவிதையியல் இதனை முன்னரே அறிந்திருந்தது எனலாம். தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருளைத் தொகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் தொழிலையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கின்றது. நிலமும் உழைப்பும் இசையும் பிரிக்கப்படவில்லை. திணைக்கோட்பாட்டைப் பண்டைத் தென்னிந்தியச் சமூகத்தின் சமனற்ற வளர்ச்சியோடு இணைத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரை இத்திசையில் முன்னோடியானது. சங்கப் பாடல்களும் உழைப்பை அழகுபடுத்தின என்பது உண்மையே. அவற்றைப் பொற்காலமாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் உழைப்போரின் பறையை நிலத்தின் உறுப்பாகக் கருதும் ஒரு சிந்தனைமரபு, உழைப்போரை நீக்கி நிலத்தைக் கேட்கும் மரபினின்றும் அடிப்படையில் வேறானது.

மலையகத்தின் பறை தப்பு. விடியுமுன் பிரட்டுக்கு ஆள்திரட்ட அடிக்கப்பட்டது அதுவே. மாரியம்மன் திருவிழாவிலும் காமன் கூத்திலும் சாவு வீட்டிலும் ஒலிப்பதும் அதுவே. ஒரே கருவி, முதலாளியின் மணிக்கூடாகவும் மக்களின் கலையாகவும் இருந்தது. அதனை அடிக்கும் கடமை சாதியின் பெயரால் பறையர் சமூகத்தவர்மீதே சுமத்தப்பட்டது என்பதையும் மறைத்தலாகாது. கூலியால் ஒன்றுபட்ட லயத்தினுள்ளும் சாதி தொடர்ந்தது. இம்மூன்று முரண்களும் ஒரு தோலில் அதிர்கின்றன. எனவே, தப்பொலியை 'மலையகத்தின் இதயத்துடிப்பு' என அலங்கரித்து நிறுத்திக்கொள்வது போதாது.

காமன் கூத்தையும் இவ்வாறே காணலாம். மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றி, மன்மதன் எரிக்கப்படுவதையும் இரதி புலம்புவதையும் தோட்டம் முழுவதும் பங்குகொண்டு நிகழ்த்துகின்றது. இதனையும் ஏனைய மலையகக் கூத்துகளையும் மாத்தளை வடிவேலன் போன்றோர் ஆராய்ந்து பதிந்துள்ளனர். இரதியின் புலம்பல் ஒப்பாரியின் வாய்பாட்டில் அமைவதும், ஒப்பாரி கடல்கடந்து உறவிழந்த பெண்களின் வடிவமாக இருந்ததும் தற்செயலல்ல. சலெந்தோப் பெண்ணின் ஆட்டத்தைப் போன்றே, நேரே சொல்ல இயலாததைச் சொல்வதற்கு ஒரு புராணம் இங்கு துணையாகின்றது.

7

இந்நிலையில் முற்போக்குத் திறனாய்வின் கடமை யாது? மலையக நாட்டார் பாடல்களை இலக்கியமாக நிறுத்தியது முற்போக்கு இயக்கத்தின் பெரும்பணி. தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, 1948இன் குடியுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றவராக்கிய காலத்தில் அப்பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1954இல் வெளிவந்த அவரது ஆங்கில நெடுங்கவிதையான 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' தப்பொலியோடு விடியும் காலையைப் பாடியது. தேயிலைத் தோட்டத்தைக் காட்சியாகக் கண்ட மொழியிலேயே அதனை உழைப்பாக எழுதிக்காட்டிய அருஞ்செயல் அது.

ஆயின் அவருக்குப் பின்வந்த திறனாய்வு பெரும்பாலும் பாடல்களின் சொற்களோடு நின்றுவிட்டது. கங்காணியின் கொடுமை, அரைப்பெயர், கொழுந்து நிறுவையில் நடந்த ஏமாற்று ஆகியவற்றுக்குச் சான்றாகப் பாடலடிகள் எடுத்தாளப்படுகின்றன. அவை சான்றுகளே, மறுப்பதற்கில்லை. எனினும் மெட்டு யாது, எந்த நடையில் பாடப்பட்டது, எந்த வேலையின்போது, தனித்தோ நிரையாகவோ, எவர் தொடங்க எவர் தொடர்ந்தார் என்பன அச்சேறுவதில்லை. ஒலியிழந்த பாடல் துன்பத்தின் ஆவணமாகின்றது. ஆவணம் மேடையேறும்போது துன்பத்தின் காட்சியாகின்றது. லிஸ்டின் படகோட்டிக்கு நேர்ந்தது இங்கு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் நேர்கின்றது: அவள் பாடினாள் என்னும் கருத்து எஞ்சுகின்றது, அவள் பாடியது எஞ்சுவதில்லை.

இத்தாலியில் 1954 - 1955இல் அலன் லோமக்சும் தியேகோ கார்ப்பித்தெல்லாவும் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊர்ஊராகச் சென்று உழைப்போரின் பாடல்களைப் பதிந்தனர். அக்கார்ப்பித்தெல்லாவே பின்னர் தெ மார்த்தினோவின் சலெந்தோ ஆய்விலும் பங்கேற்றார். சமூக ஆய்வும் இசை ஆய்வும் அங்கு ஒன்றிணைந்தன. எமது பல்கலைக்கழகங்களில் தமிழ்த்துறையும் இசைத்துறையும் தத்தம் சுவர்களுக்குள் இருக்கின்றன. ஒப்பாரியின் சுருதியசைவையும் தப்பின் அடிமுறைகளையும் வேலையின் உடலசைவோடு சேர்த்து ஆராய்வதற்கு இரு துறைகளும் கூடவேண்டும். தோட்டத்துப் பாடகர் தகவலாளியாக அன்றி ஆய்வாளருக்கு நிகரானவராக அதில் இடம்பெறவேண்டும். கையால் பறிக்கும் நிரைகளில் பாட்டு அருகிவரும் இக்காலத்தில் இதற்குத் தாமதம் தகாது.

காட்சி என்பது வெறும் அழகியற் பிரச்சினையன்று. நோட்டன் அணை தேக்கிய நீரில் பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் தலைநகரை ஒளிர்வித்தது. அந்நீரைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன் அறைகள் பலவற்றுக்கு விளக்கு வரப் பல பத்தாண்டுகள் கழிந்தன. 1969இல் மவுசாக்கலை அணை பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்தது. நீர் வற்றும் காலங்களில் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளித்தெரிவதைக் காண மக்கள் கூடுகின்றனர். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள்மீது மலை சரிந்தது. பயணிக்கு எழிலான சரிவு, அங்கு வாழ்வோருக்கு உயிர் ஆபத்து. 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தபின்னரும், காணியும் வீடும் போராட்டப் பொருள்களாகவே உள. தம் நிலத்தின்மீது உரிமையற்ற மக்களின் கலை எளிதில் காட்சியாக்கப்படும்.

உரோமில் எழுதப்பட்டும் உரோமைக் காட்டாத சைக்கோவ்ஸ்கியின் மூவிசை இவ்விடத்தில் எமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றது. ஓரிடத்தில் பிறந்த இசை அவ்விடத்தின் படமாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. மலையகப் பாடலிலும் நாம் தேயிலையையும் துன்பத்தையும் மட்டுமே தேடுவோமாயின், அதைப் பாடியவரின் நகையும் காமமும் கலைநுட்பமும் எமது செவிக்கு எட்டா. ஐரோப்பிய மூவிசைக்கு நாம் வழங்கும் நுணுக்கமான செவியைத் தப்புக்கும் ஒப்பாரிக்கும் வழங்குதல் கருணையன்று, ஆய்வின் நேர்மை. இருவகை இசையையும் ஒரே அளவுகோலால், அவற்றின் உற்பத்தி உறவுகளோடும் வடிவ நுட்பத்தோடும் சேர்த்து மதிப்பிடும் திறனாய்வையே முற்போக்குத் திறனாய்வு எனக் கூறமுடியும்.